ஒரு குடி, இரண்டு குழாய்

அக்கரைப்பற்றுக் கடைத்தெருவில்
எங்கள் லாப் திறப்பது ஆறேகாலுக்கு.
வெறும் வயிற்றோடு முதல் ஆளாய் வந்து
கையை நீட்டினாள் சபூறா ராத்தா.
"மெல்லக் குத்து புள்ள."
ஐம்பத்துநாலு வயது. நரம்பு இன்னும் ஒளிக்கிறது.

மூன்று மாதமாய் நாங்கள் இருவரும்
ஒரே மஞ்சள் குளிசை விழுங்குகிறோம்.
மாதவிலக்கு அவளுக்கு நின்று நாலு வருஷம், எனக்கு இரண்டு.
இரவு இரண்டு மணிக்கு உடம்பு அடுப்பாகி
சீமெந்துத் தரையில் வந்து படுப்போம்,
அவள் அவள் வீட்டில், நான் என் வீட்டில்,
உம்மா நடுவால் பிரித்துச் சீதனமாய்த் தந்த
ஒரே வளவில்.

கல்முனை டொக்டர் சொல்லியிருந்தா:
ஈஸ்ட்ரோஜன் சூட்டை ஆற்றும்,
கெட்ட கொலஸ்ட்ரோலையும் கொஞ்சம் இறக்கும்.
எனக்கு இறக்கியது.
நூற்று அறுபத்தெட்டு நூற்று முப்பத்தொன்று ஆனது.
என் தாளை நானே அச்சடித்து
நானே ஒப்பமிட முடியாமல்
றிஸ்வியிடம் நீட்டினேன்.

ராத்தாவின் குழாயைச் சுழலியில் வைத்தேன்.
பத்து நிமிஷம்.
திறந்தால், சிவப்புக்கு மேலே
வைக்கோல் நிறத் தெளிவு நிற்க வேண்டிய இடத்தில்
பிழிந்த தேங்காயின் முதற்பால்.
மெஷினுக்குக் கொடுக்க முன்னமே தெரிந்துவிட்டது எனக்கு.
மெஷின் எண் சொல்ல மறுத்தது.
ஐந்து மடங்கு நீர்த்து, மறுகா கேட்டேன்:
ட்ரைகிளிசரைட் ஆயிரத்து நூற்றுப் பத்து.

"ராவு என்ன தின்ட?"
"இடியப்பம் ரெண்டு. சொதி கூட இல்ல, அல்லாஹ்வறிய."

ஒரே உம்மா. ஒரே குடி.
பள்ளிவாசல் மரைக்காரின் ஏட்டில்
ஒரே வரியில் நிற்கிறவர்கள் நாங்கள்.
குடி தாயால் வரும், வீடு தாயால் வரும்,
கிணறும் ஏழு தென்னையும் கூட.
வாப்பாமார் வந்து இருந்தவர்கள்.
அவளுடையவர் முதலாமவர்.
என்னுடையவர், உம்மா இத்தா கழிந்து
மூன்று வருஷத்தின் பின் வந்தவர்.
குடிக் கணக்கில் அவர்களுக்குப் பத்தி இல்லை.

இரத்தத்துக்கு அந்த வழக்கம் தெரியாது.
ஈரலுக்குள் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு
ஐம்பது வருஷம் வாயே திறக்காமல் இருந்து,
ஒரு மஞ்சள் குளிசை வந்து கதவைத் தட்டியதும்
தகப்பன் பெயரைச் சொல்கிறது.

"மரபணு," என்றா டொக்டர்,
"ஒரே மருந்துதான், ஆளுக்காள் வேற மாதிரி எடுக்கும்.
வாப்பா எதால மவுத்தானவர்?"

நாற்பத்தொரு வயது.
கந்தூரிச் சோறு தின்ற மறுநாள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்து
வயல்வாடியில் விழுந்தார்.
வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடித்த
மீராசாய்பு செய்வினை வைத்தான் என்று
ஊர் முடிவெடுத்தது.
அவர் வேலிக்கடியில் தகடு தேடித் தோண்டினார்கள்.
கிடைக்கவில்லை.
கிடைக்காததே சாட்சி என்றார்கள்.
அவர் மகளுக்கு ஒருவரும் கலியாணம் பேசி வரவில்லை.

"கணையம் வீங்கியிருக்கலாம்,
கொழுப்பு இப்படிக் கூடினா.
இப்ப நிச்சயமாச் சொல்ல ஏலாது."
குளிசையைக் குறுக்கே வெட்டிவிட்டு
தோலில் பூசும் ஜெல் எழுதினா,
ஈரலின் வாசலை மிதிக்காமல் போகும் பாதை.
கொழுப்புக்கு இன்னொரு மருந்து.
ராத்தாவின் மகளுக்கும் இரத்தம் பார்க்கச் சொன்னா.

பஸ்ஸில் நிந்தவூர் வரை ராத்தா பேசவில்லை.
அட்டாளைச்சேனை தாண்டும்போது கேட்டாள்:
"அப்ப மீராசாய்பு மாமா ஒண்டும் செய்யல்லையா?"

டொக்டர் சொன்னதையே சொன்னேன்.
நிச்சயமாச் சொல்ல ஏலாது.
என் ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை,
சாதாரண அளவு இவ்வளவு என்று
பக்கத்தில் போட.

அவர் மகள் இருக்கிறா இன்னும்,
மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்டத் தையல் கடை.
ராத்தா ஒரு தரிப்பு முன்னாலேயே
மணியடித்து இறங்கினாள்,
ஜெல் பெட்டியை என் மடியில் போட்டுவிட்டு,
ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு.